சிக்கன் கடையில் ஓட்டிய படகு

எலும்பு டாக்டர் மாவுக்கட்டைப் பிரித்த அன்று ஒரு மஞ்சள் பஞ்சுப் பந்தை என் உள்ளங்கையில் வைத்து, "இதை அமுக்கிட்டே இருங்க டீச்சர், விரலெல்லாம் பழையபடி வந்துரும்" என்றார். அமுக்கினேன். டி.வி. பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நாளில் அந்தப் பந்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சாயங்காலம் அதைச் சமையலறை ஜன்னல் வழியாக வீசி எறிந்துவிட்டேன். சரிவில் உருண்டு தேயிலைச் செடிகளுக்குள் போய்விட்டது. இன்னும் அங்கேதான் எங்கோ கிடக்கும்.

நான் விழுந்தது எங்கள் வேதக் கோயில் படியில். ஜூலை மழையில் குன்னூரில் கல் என்று ஒன்று இருந்தால் அதன்மேல் பாசி இருக்கும். ஆராதனை முடிந்து இறங்கும்போது, "பாத்து எறங்கு" என்று என் வீட்டுக்காரர் சொல்லி வாயை மூடவில்லை, நான் கீழே கிடந்தேன். வலது மணிக்கட்டு. பள்ளிக்கூடத்தில் இடது கையால் கரும்பலகையில் கோணல்மாணலாக எழுதி ஒப்பேற்றினேன். சமையலை அவர் பார்த்துக்கொண்டார், ருசியைப் பற்றி இங்கே பேச வேண்டாம். என்னை அரித்துக்கொண்டிருந்தது இதெல்லாம் இல்லை, கீபோர்டு.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து எங்கள் கோயிலில் நான்தான் வாசிக்கிறேன். முன்பு அந்த இடத்தில் காலால் மிதித்துக் காற்றடிக்கும் பழைய ஆர்கன் இருந்தது. அது செத்துப்போனதும் கீபோர்டு வாங்கினார்கள். ஆர்கன் போனாலும் அதன் தேக்குப் பெஞ்சு போகவில்லை. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். நான் நட்டநடுவில் உட்காருவேன். அங்கே உட்கார்ந்து, நாலு குரலையும் பத்து விரலில் பிடித்து, மொத்தச் சபையையும் எழுப்பி நிறுத்துகிற அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் வாரம் முழுவதும் சுண்ணாம்புத் தூளைச் சுவாசிக்கிறேன். வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்பார்கள்.

என் இடத்தில் ஆயர் உட்கார வைத்தது பேக்கரி அக்காவை. மார்க்கெட்டுக்கு மேலே இருக்கும் வர்க்கிக் கடை அவருடையது. விடியுமுன் அடுப்பு மூட்டி மொறுமொறு வர்க்கியும் பன்னும் போட்டு ஊருக்கே விற்பவர். பாடகர் குழுவில் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல். நன்றாகவே பாடுவார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கீபோர்டில் அவருக்கு வலது கை மட்டும்தான் தெரியும். மெட்டை மட்டும் வாசிப்பார். இடது கை மடியில் சும்மா கிடக்கும். அந்தக் குறையை மறைக்க ஒரு பொத்தானை அமுக்கிவிடுவார், தாளம் தானாக ஓடும். எல்லாப் பாட்டுக்கும் ஒரே தாளம். கல்யாணப் பாட்டுக்கும் டும்-சிக்கு, அடக்க ஆராதனைப் பாட்டுக்கும் டும்-சிக்கு. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெபத்தில் என்ன கேட்டேன் என்பது எனக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரியும்.

அறுப்பின் பண்டிகைக்குள் பெஞ்சுக்குத் திரும்பிவிட வேண்டும். அதுதான் என் கணக்கு. எங்கள் சபையில் அன்றைக்குத்தான் கீபோர்டுக்காரருக்கு உண்மையான சோதனை. சபையார் ஒவ்வொருவராகத் தங்கள் காணிக்கையைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து பீடம் வரை நடந்து வருவார்கள். கேரட், முட்டைக்கோஸ், பூண்டு, கால் கட்டிய சேவல், சிவப்பு நாடா கட்டிய தேயிலைக் கொழுந்து. கடைசி ஆள் கடைசிக் கூடையை இறக்கி வைக்கும்வரை ஒரே பாட்டுத் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். நடுவில் நின்றால் வரிசையும் நின்றுவிடும். அவ்வளவு நேரமும் டும்-சிக்கு ஓடுவதை நினைத்தாலே எனக்குக் கை வலித்தது.

பந்தை எறிந்த மறுநாள் என் வீட்டுக்காரர் அலமாரியைக் குடைந்து ஒரு பெட்டியை எடுத்தார். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் பையன் விட்டுப்போன விளையாட்டுக் கருவி. நடுவில் சின்னத் திரை, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. அந்த இரண்டு கைப்பிடியும் தனியாகக் கழன்று வரும். ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஆடலாம். ஒவ்வொன்றிலும் கட்டை விரலால் தள்ளுவதற்கு ஒரு குமிழ்.

"இதுலயும் விரலுக்கு வேலை இருக்குது. பந்தை விட இது தேவலாம்" என்றார். வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் சிவிலியன் வேலை பார்க்கிறவர். அவர் ஒரு யோசனை சொன்னால் அதை அலுவலக உத்தரவு மாதிரிதான் சொல்வார்.

அதில் ஒரு படகு விளையாட்டு இருந்தது. ஒரு படகு, இரண்டு துடுப்பு. வலது துடுப்பு ஒருவர் கையில், இடது துடுப்பு இன்னொருவர் கையில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தள்ளினால் படகு நேராகப் போகும். ஆற்றில் மற்றப் படகுகளும் இறங்கும், யார் முன்னால் போவது என்று போட்டி. எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் இணையம் இருந்தால்தான் அந்த விளையாட்டுத் திறந்தது. எங்கள் வீடு எஸ்டேட் சரிவில் இருக்கிறது. போன் சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் வரும், நகர்ந்தால் போய்விடும். கேபிள் இணையம் ஒருமுறை போட்டோம். காட்டெருமைகள் கம்பத்தில் முதுகு தேய்த்துத் தேய்த்தே அதை அறுத்துவிட்டன.

ஆகவே சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் சிக்கன் கடைக்குப் போக ஆரம்பித்தோம்.

பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் மேலே, மாடியில் இருக்கிற கடை அது. சிவப்பு நாற்காலிகள், எண்ணெய் வாசம், பனி படர்ந்த பெரிய கண்ணாடி ஜன்னல். வைஃபை இலவசம் என்று வாசலிலேயே எழுதியிருந்தது. பில்லின் அடியில் பாஸ்வேர்டு இருக்கும். கொஞ்ச நேரம் ஓடியதும் தானாக அறுந்துபோகும், மறுபடி ஏதாவது வாங்கினால் மறுபடி கிடைக்கும். அதனால் எல்லோரும் உருளைக்கிழங்கு வறுவலை ஒவ்வொரு குச்சியாகத் தின்றுகொண்டிருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள், மலை ரயிலுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரர்கள், தலையை ஒட்ட வெட்டிய ராணுவப் பயிற்சிப் பையன்கள். அந்தப் படகு விளையாட்டைப் போனிலும் ஆடலாம் என்பதும், ஒரே வைஃபையில் இருப்பவர்கள் ஒரே ஆற்றில் இறங்கலாம் என்பதும் அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பேசாமல், அந்த மாடியில் எல்லோரும் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு மூலையிலிருந்து "ஐயோ" என்று சத்தம் வரும். யாரோ பாறையில் மோதிவிட்டார்கள் என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரரோடு படகு ஓட்டுவது அவரோடு குடும்பம் நடத்துவது போலத்தான். அவர் நிதானமானவர். நான் அவசரக்காரி. நோகும் விரலாலேயே நான் வலது துடுப்பை இரண்டு தடவை போட்டால் அவர் இடது துடுப்பை ஒரு தடவை போடுவார். படகு இடது பக்கமே திரும்பித் திரும்பி வட்டமடிக்கும். மற்றவர்கள் எல்லாம் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நாங்கள் புறப்பட்ட படித்துறையையே சுற்றிக்கொண்டிருப்போம்.

"கொஞ்சம் வேகமாத்தான் போடுங்களே!"

"நீ கொஞ்சம் மெதுவாப் போட்டா என்னவாம்?"

நல்லவேளை, அலுவலகத்தில் ஏதோ இன்ஸ்பெக்ஷன் வந்து அவருடைய சனிக்கிழமைகளைப் பிடுங்கிக்கொண்டது. நான் தனியாகப் போனேன். ஒரே ஆள் இரண்டு துடுப்பையும் போடலாம்தான். ஆனால் என் வலது கட்டை விரல் குமிழைப் பாதி தள்ளுவதற்குள் இடது கட்டை விரல் மூன்று முறை தள்ளிவிடும். அன்றைக்குப் படகு வலது பக்கமாக வட்டமடித்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏனுங்க டீச்சர், அந்த இன்னொரு பாதியை நான் புடிக்கட்டுங்களா?"

நிமிர்ந்து பார்த்தால் பக்கத்து மேஜையில் பேக்கரி அக்கா. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. தன் கடையில் பன்னை மலையாகக் குவித்து வைத்திருப்பவருக்கு இந்தக் கடையில் என்ன வேலை என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே கேட்டும்விட்டேன்.

"பொண்ணு துபாய்ல இருக்கறாளுங்க. முகத்தைப் பாத்துப் பேசணும்னா இங்கதான் நெட்டு நிக்குது. அப்புறம் இதையும் பாக்கணுமில்லீங்க" என்று தன் தட்டில் இருந்த பன்னை ஆள்காட்டி விரலால் ஒரு குத்துக் குத்தினார். குழி அப்படியே நின்றது. "பாருங்க, எழும்பவே மாட்டேங்குது. நம்ம பன்னைக் குத்துனா மூச்சு விட்ட மாதிரி எழும்பும். இதுக்குத்தான் ஊருப் புள்ளைங்கெல்லாம் படியேறி வருதுங்க."

"பன்னுக்கு வரலீங்க அக்கா, வைஃபைக்கு வருதுங்க" என்றேன்.

"அதுவுஞ்சரி" என்று சிரித்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். இடது பாதியை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அவ்வளவாக விருப்பம் இல்லை. என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் இப்போது என் படகிலும் ஏறிவிட்டார் என்றுதான் இருந்தது. ஆனால் துடுப்புப் போட ஆரம்பித்ததும் ஒன்று புரிந்தது. அவருக்குக் கை ஒன்றுதான் வாசிக்கத் தெரியும், ஆனால் காது முழுசாக இருக்கிறது. ஆல்ட்டோ பாடுகிறவர்களுக்கே உள்ள காது அது. அடுத்தவர் குரலைக் கேட்டுக்கொண்டே தன் குரலை அதன் அடியில் வைக்கிற பழக்கம். என் துடுப்புச் சத்தத்தைக் கேட்டு, அது எத்தனை மெதுவோ அத்தனை மெதுவாகத் தன் துடுப்பைப் போட்டார். படகு முதல்முறையாக நேராகப் போனது. பாறையைத் தாண்டினோம். ஒரு பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தோம். கடைசியாகத்தான் கரை சேர்ந்தோம். ஆனாலும் சேர்ந்தோம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"அடுத்த வாரம் வருவீங்களா?" என்று நானே கேட்டேன்.

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. கோயிலில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மாடியில் பேசித் தீர்த்தோம். பேச்சு என்றால் பெரும்பாலும் சண்டை. "டீச்சர், பாறை, பாறை!" "தெரியுதுங்க, எனக்கும் கண்ணு இருக்குது!" பயிற்சிப் பையன்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை அவர்கள் படகை நாங்கள் முந்தினோம். அதிலிருந்து எங்களைப் பார்த்தால் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

ஓட்டம் மும்முரமாக இருக்கும்போதுதான் துபாயிலிருந்து மகள் கூப்பிடுவாள். அக்கா பாதியை அப்படியே மேஜையில் போட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவார். நான் கத்துவேன். படகு சுற்றும். சில வாரங்களில் ஒரு சூட்சுமம் பிடிபட்டது. ஒற்றைத் துடுப்பை வேகமாகப் போட்டால்தான் படகு சுற்றும். மெதுவாக, விட்டுவிட்டுப் போட்டால் ஆற்றின் ஓட்டமே படகை இழுத்துக்கொண்டு போகும். நேராக வைத்திருந்தால் போதும். அக்கா பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரும்போது படகு எங்கேயும் மோதாமல் மிதந்துகொண்டிருக்கும். உட்கார்ந்து தன் பாதியை எடுத்துக்கொள்வார்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் அக்கா கேட்டார். "டீச்சர், பண்டிகைக்குள்ள உங்க கை சரியாயிருமில்லீங்க?"

பெஞ்சை விட மனசில்லாமல் கேட்கிறார் என்று நினைத்தேன். என் குரலில் காரம் ஏறிவிட்டது. "ஆயிரும். ஏன் கேக்கறீங்க?"

"இல்லீங்க, அப்பத் திரி இருக்குதுல்ல."

அதை அவர் சொல்லித்தான் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் பண்டிகைக்கு அவர் கோதுமைக் கதிர்க்கட்டு வடிவத்தில் ஒரு பெரிய ரொட்டி சுடுவார். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அந்தக் கடையில் வருகிற வழக்கம். ஒவ்வொரு கதிரையும் கத்தரியால் நறுக்கி நறுக்கி எழுப்பி, நடுவில் மாவிலேயே ஒரு கயிறு திரித்துக் கட்டியிருப்பார். அந்த ரொட்டியைத்தான் அவர்கள் வீட்டில் அப்பத் திரி என்பார்கள். வரிசையில் கடைசியாக அது வரும். அவர் மாமியார் தூக்கிவந்தார், பிறகு அக்கா தூக்கிவருகிறார். அதை இரண்டு கையிலும் ஏந்தி நடக்கும் அந்த நடைக்காகத்தான் வருஷம் முழுவதும் அடுப்பில் வேகிறேன் என்றார்.

"கீபோர்டுல உக்காந்துட்டா எப்படீங்க தூக்கறது? ஆயர் கேட்டாரு, வேற ஆளு இல்லைன்னாரு, மாட்டேன்னு சொல்ல முடியலீங்க. எனக்கு அந்தப் பெஞ்சுல உக்காந்தா முதுகெல்லாம் வேர்க்குது. நாலு பேரு பாக்கறாங்க, இடது கையை எங்க வைக்கறதுன்னே தெரியல. அந்தத் தாளத்தைப் போட்டு விட்டுட்டுக் கண்ணை மூடிக்கறேன். நீங்க எப்ப வருவீங்கன்னு நான்தானுங்க நாளை எண்ணிட்டு இருக்கறேன்."

இத்தனை நாளும் அவர் என் இடத்தை அனுபவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவரோ அங்கே வேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. உருளைக்கிழங்கை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "வந்துருவேன் அக்கா. நீங்க மாவைப் பிசைங்க" என்றேன்.

அதன்பின் நாங்கள் வெறியோடு ஓட்டினோம். என் கட்டை விரல் நாளுக்கு நாள் துள்ளியது. முதலில் குமிழைத் தொடவே வலித்த விரல், இப்போது நினைத்த மாத்திரத்தில் முன்னும் பின்னும் போய்வந்தது. அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை, மாடி நிறைய ஆட்கள் இருந்த மதியத்தில், நாங்கள் முதலாவதாக வந்தோம். திரையில் எங்கள் படகின்மேல் காகிதப் பூ கொட்டியது. அக்கா எழுந்து நின்று கையைத் தட்டினார். கடைக்காரப் பையன் கூட எட்டிப் பார்த்தான்.

அந்தச் சூட்டோடு திங்கட்கிழமை பள்ளி விட்டதும் கோயிலுக்குப் போனேன். சாவி வாங்கித் திறந்து, பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, அறுப்புப் பாட்டை எடுத்தேன். இடது கை தானாகப் போய் இடத்தில் உட்கார்ந்தது. வலது கட்டை விரல் பறந்தது. ஆள்காட்டி விரலும் நடு விரலும் கொஞ்சம் தயங்கி அதன் பின்னால் போயின. மோதிர விரலும் சுண்டு விரலும் வரவில்லை. வரவே இல்லை. மெட்டு இருப்பதே அந்த இரண்டு விரலில்தான். வலது கையில் மேல் சுரம் முழுவதும் அவற்றின் வேலை. அவை இரண்டும் வளைந்தபடி கட்டைகளுக்கு மேலே அப்படியே நின்றன.

கருவியைப் பிடிக்கிற மாதிரி காற்றில் கையை வைத்துப் பார்த்தேன். கட்டை விரல் மேலே ஆடியது. மற்ற நாலும் அடியில் மடங்கி, சும்மா தாங்கிக்கொண்டிருந்தன. இத்தனை வாரமும் நான் ஒரே ஒரு விரலுக்குத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். மீதி நாலையும் மடக்கி வைத்துப் பத்திரமாக உறைய விட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், கீபோர்டில் எந்த விரல் எங்கே போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவள், இது கூடவா தெரியாமல் போய்விட்டது? அந்த மஞ்சள் பந்து ஞாபகம் வந்தது. வெறும் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். பந்துப் பயிற்சியைத் தொடர்ந்து செய்திருந்தாலும் அந்த இரண்டு விரல் முழுசாக வந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா உண்மையைச் சொன்னாரா தெரியவில்லை. சாப்பிட, எழுத, துணி துவைக்க இது போதும் என்றார். பழைய மாதிரி வாசிக்க முடியுமா என்று கேட்டேன். மேஜையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். பிறகு, "அதை மட்டும் எதிர்பாக்காதீங்க" என்றார்.

அந்த வாரம் நான் சிக்கன் கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை, பண்டிகைக்கு முந்தின நாள், போனேன். அக்காவிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். வெளியே நல்ல மழை. அவர் எனக்கு முன்பே வந்து, பில் வாங்கி, பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தார்.

கையை மேஜைமேல் விரித்துக் காட்டினேன். "இவ்வளவுதானுங்க அக்கா. இனி வராதாம்."

அவர் என் சுண்டு விரலைப் பிடித்து மாவை உருட்டுவது போல மெதுவாக உருட்டினார். பிறகு, "சரிங்க டீச்சர். நாளைக்கு நானே வாசிச்சர்றேன்" என்றார். அப்பத் திரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

"மாவு பிசைஞ்சாச்சு. சுட்டுத்தானே ஆகணும். உங்க ஊட்டுக்காரரைத் தூக்கிட்டு வரச் சொல்றீங்களா? அவருதான் நிதானமா நடப்பாரு."

அன்றைக்கு நாங்கள் படகு ஓட்டவில்லை. வைஃபை தன்பாட்டுக்கு ஓடி அறுந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டுக் கோயில் முழுவதும் ஈரத் துணி வாசமும் கொய்யாப்பழ வாசமும். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். காணிக்கைப் பவனி ஆரம்பித்தது. அக்கா பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். டும்-சிக்கு. கூடைகள் வந்தன. முட்டைக்கோஸ் வந்தது, சேவல் வந்தது. பாட்டு நாலைந்து முறை சுற்றியதும் அக்காவின் தலை வாசல் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. வரிசையின் கடைசியில் என் வீட்டுக்காரர் வெள்ளைத் துணி விரித்த தட்டில் அப்பத் திரியை ஏந்திக்கொண்டு, அலுவலகக் கோப்பைத் தூக்குவது போல விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். அக்கா திரும்பும்போதெல்லாம் வலது கை தடுமாறியது. தாளம் மட்டும் நிற்காமல் ஓடியது. மெட்டு அதைத் தொடர முடியாமல் பின்தங்கியது. சபை இரண்டாகப் பிரிந்து பாடியது. வரிசை நின்றது.

எழுந்து போனேன். மாவுக்கட்டுப் போட்ட நாளிலிருந்து, அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, "எந்திரிங்க" என்று சொல்லும் நாளை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க" என்றேன்.

வலது பக்கம் நகர்ந்தார். இடது பாதியில் உட்கார்ந்தேன். முதல் வேலையாக அந்தப் பொத்தானை அணைத்தேன். என் இடது கையை வைத்தேன், அடிக்குரல்களான டெனரும் பேஸும். அவர் வலது கை மேலே மெட்டைப் பிடித்தது. ஒரு வரி நான் அவருக்காக நின்றேன், ஒரு வரி அவர் எனக்காக நின்றார். அதற்குப் பிறகு யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியிருக்கவில்லை. சபை ஒன்றாகச் சேர்ந்தது. வரிசை நகர்ந்தது.

பாதி வழிக்கு அப்பத் திரி வந்துவிட்டது. அக்கா திரும்பவில்லை. கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக் கூடாது என்று கழுத்தை இறுக்கி வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"போங்க அக்கா" என்றேன்.

"பாட்டு?"

"படகு மோதாது. நான் பாத்துக்கறேன். போங்க."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். நடைபாதையில் என் வீட்டுக்காரர் நின்று தட்டை அவரிடம் கொடுத்தார். இரண்டு கையிலும் அதை ஏந்தி, தலையை நிமிர்த்தி, அவர் பீடத்தை நோக்கி நடந்தார். நான் இடது கையால் அடிக்குரலை மட்டும் மெதுவாக வாசித்தேன். மெட்டு என் கையில் இல்லை. சபை பாடிக்கொண்டிருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

அவர் பீடத்தண்டை மண்டியிட்டு எழுந்து திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை பெஞ்சின் வலது பாதி காலியாகவே இருந்தது. நான் நடுவுக்கு நகரவில்லை.